லோயர் மேல் முறைப்பாடு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நீதிமன்ற வாசல்களில் தவணைக்குக் காத்திருக்கும் சனம் ஒருவரையொருவர் கேட்கும் கேள்விகள் இவை. அங்கே கிடைக்கும் பதில்களில் பாதி சரி, பாதி ஊர்க்கதை. சரியானதை மட்டும் பொறுக்கி இங்கே எழுதியிருக்கிறேன்.

வழக்குத் தோற்றுவிட்டது. லோயர் ஒழுங்காகப் பேசவில்லை. முறைப்பாடு செய்யலாமா?

தோற்றதற்காக மட்டும் என்றால் வேண்டாம். எந்த வழக்கிலும் ஒரு பக்கம் தோற்கத்தான் செய்யும். லோயர் எடுத்த வாதம் உங்களுக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். இன்னொரு லோயர் "நானென்றால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்" என்று சொல்லியிருக்கவும் கூடும். (இதைச் சொல்லாத லோயரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) அதெல்லாம் முறைப்பாட்டுக்குப் போதாது. தீர்ப்புப் பிழை என்று நினைத்தால் அதற்கு வழி மேன்முறையீடு.

அப்படியென்றால் எதுதான் முறைகேடு?

1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வஞ்சனை, தொழில் முறைகேடு, குற்றச்செயல் ஆகியவற்றில் ஈடுபட்டதாக நிரூபிக்கப்பட்ட சட்டத்தரணியை உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவர் சேர்ந்திருந்து தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம், அல்லது பெயரையே நீக்கலாம். இதைத் தவிர, சட்டத்தரணிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1988இல் விதிகளை ஆக்கி வர்த்தமானியில் வெளியிட்டது. எடுத்த வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தைக் காக்க வேண்டும், தகுந்த காரணமில்லாமல் வழக்கை நடுவழியில் கைவிடக் கூடாது, நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன. நல்ல பெயருள்ள சட்டத்தரணிகள் வெட்கக்கேடு என்று கருதும் எந்த நடத்தையும் தவறுதான் என்று சொல்லும் 60ஆம் விதி எல்லாவற்றையும் வளைத்துப் பிடிக்கும்.

நம் பக்கத்து உதாரணங்களில் சொன்னால் இவை: வழக்குப் போடக் காசு வாங்கிக்கொண்டு போடாமலே "போட்டாச்சு" என்று சொல்வது. விபத்து நட்டஈட்டுக் காசைக் கட்சிக்காரருக்காக வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்வது. வெறுந்தாளில் கையெழுத்து வாங்கிப் பிறகு அதில் தான் நினைத்ததை நிரப்புவது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் ஆள் தன் முன்னால் வந்து கையெழுத்து வைத்ததாக அத்தாட்சிப்படுத்துவது. ஒரே காணித் தகராறில் இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்வது.

என் லோயரும் எதிர்ப்பக்க லோயரும் கன்ரீனில் ஒன்றாகத் தேத்தண்ணி குடிக்கிறார்களே?

குடிக்கட்டும். ஒரே கட்டடத்தில் நாள் முழுக்க வேலை செய்பவர்கள் பேசாமல் இருக்க முடியாது. பல வழக்குகள் அந்த மேசையில்தான் இணக்கத்துக்கும் வருகின்றன. நீங்கள் தனியே சொன்ன விஷயம் ஒன்று மறுதவணையில் எதிர்ப்பக்கக் குறுக்கு விசாரணையில் கேள்வியாக வந்தால் அது வேறு கதை. அன்றே திகதியோடு எழுதி வையுங்கள்.

வருடக்கணக்கில் தவணை மேல் தவணை. லோயர்தான் இழுக்கிறார் என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

வழக்கேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு தவணையிலும் யார் முன்னிலையானார், யார் தவணை கேட்டார், என்ன காரணம் என்பதெல்லாம் நீதிமன்றக் கோவையில் திகதிவாரியாக எழுதப்பட்டிருக்கும். வழக்கின் தரப்பினர் என்ற முறையில் அதன் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். இலங்கையில் பணத்தை விடப் பெறுமதியான காகிதம் ஏதும் இருந்தால் அது இந்தப் பிரதிதான் என்பேன். எடுத்துப் பார்த்தால் சிலவேளை ஆச்சரியமாக இருக்கும். நீதிபதி விடுமுறை, எதிராளிக்கு அழைப்பாணை சேரவில்லை, நில அளவையாளர் அறிக்கை வரவில்லை என்று தாமதத்துக்கு வேறு வேறு காரணங்கள் இருக்கும். சிலவேளை உங்கள் சந்தேகமே சரியாக இருக்கும்: "வழக்காளி சார்பில் எவரும் முன்னிலையாகவில்லை" என்று எழுதியிருக்கும், அந்த நாளில் லோயர் உங்களிடம் "இன்றைக்கு வரத் தேவையில்லை" என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வரி உங்கள் பத்துப் பக்கக் கண்ணீரை விட வலியது.

சரி, பிழை நடந்திருப்பது உறுதி. முதல் வேலை என்ன?

முறைப்பாடு அல்ல. முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள். இதைத்தான் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். கோபத்தில் கொழும்புக்குக் கடிதம் எழுதிவிட்டு ஆறு மாதம் பதிலுக்குக் காத்திருப்பார்கள். அதற்குள் கெடு முடிந்து, காணியே கைவிட்டுப் போயிருக்கும். லோயரைத் தண்டித்தாலும் போன கெடு திரும்பி வராது.

கெடுக்கள் எவ்வளவு குறுகியவை என்று பாருங்கள். மாவட்ட நீதிமன்றச் சிவில் வழக்கின் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும், மனுவை 60 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் இல்லாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால், அந்தத் தீர்ப்பாணை உங்கள் கையில் சேர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அதை நீக்கக் கேட்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாதம்தான். ஆகவே பிழை தெரிந்த அன்றே வேறொரு லோயரைப் பாருங்கள். கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் அது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லாமல் சட்டத்தரணி கிடைப்பார்.

பழைய லோயரை எப்படி மாற்றுவது? அவர் பைலைத் தர மாட்டேன் என்கிறார்.

சிவில் வழக்கில் நீங்கள் ஆரம்பத்தில் ஒரு பிரொக்ஸியில் (உங்களுக்காக முன்னிலையாக லோயருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கையெழுத்து வைத்திருப்பீர்கள். அதில் பெயருள்ளவர்தான் உங்கள் பதிவுச் சட்டத்தரணி. அது நடைமுறையில் இருக்கும் வரை இன்னொருவர் உங்களுக்காகப் புதிய பிரொக்ஸி போட முடியாது. பழைய லோயருக்கு அறிவித்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு அதை இரத்துச் செய்து, அப்புறம்தான் புதியதைப் போடலாம். புது லோயருக்கு இது சாதாரண வேலை. சண்டை போடத் தேவையில்லை.

பைலுக்குத் திகதி குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "இன்னின்ன ஆவணங்களை இன்ன திகதிக்குள் திருப்பித் தரவும்" என்று நாலு வரி போதும். தபாற்கந்தோரில் தரும் சிட்டையைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அவர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் உங்களுக்குச் சான்றுதான். கட்டணப் பாக்கி இருக்கிறது என்று அவர் சொன்னால் எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றத்தில் ஏற்கெனவே சமர்ப்பித்த ஆவணங்களின் பிரதிகளை வழக்கேட்டிலிருந்தே எடுக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

முறைப்பாட்டை எங்கே அனுப்புவது?

இரண்டு இடம். ஒன்று உயர் நீதிமன்றம்: பிரதம நீதியரசருக்கு முகவரியிட்டு, பதிவாளர், உயர் நீதிமன்றம், கொழும்பு 12 என்ற விலாசத்துக்கு. புதுக்கடை என்று நாம் சொல்லும் இடம்தான். லோயரின் தொழிலில் கை வைக்கும் அதிகாரம் இதற்கு மட்டுமே உண்டு.

மற்றது இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம், இலக்கம் 153, மிஹிந்து மாவத்தை, கொழும்பு 12. சங்கம் இரு பக்கத்தையும் அழைத்து விசாரிக்கலாம், விஷயம் பாரதூரமானால் உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பெயரை நீக்க அதனால் முடியாது. ஆவணத்தைத் திருப்பித் தராதது, போனுக்குப் பதில் சொல்லாதது, காசுக் கணக்குக் காட்டாதது போன்றவற்றுக்குச் சங்கம் பொருத்தமான இடம் என்பது என் எண்ணம். சங்கத்தின் கடிதம் ஒன்று போனதுமே பைல் வீடு தேடி வருவதும் உண்டு. கள்ளக் கையெழுத்து, காசுக் கையாடல் என்றால் நேரே உயர் நீதிமன்றத்துக்கு எழுதுங்கள்.

மாவட்ட நீதிபதியிடமோ அரசாங்க அதிபரிடமோ பிரதேச செயலாளரிடமோ கொடுப்பதில் பயனில்லை. லோயர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதும் அப்படித்தான். அவர் ஒரு உறை வாங்கி அதே விலாசத்துக்கு அனுப்பி வைப்பார்.

கடிதத்தை எப்படி எழுதுவது?

முறைப்பாடு எழுத இன்னொரு லோயர் தேவையில்லை. தெளிவாக எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். ஆனால் நாம் மனு எழுதும் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. 1990களில் இடம்பெயர்ந்ததில் தொடங்கி, முகாம் வாழ்க்கை, காணாமற்போன பிள்ளை, ஓட்டை வீடு எல்லாம் சொல்லி மூன்றாம் பக்கத்தில்தான் லோயர் வருவார். அந்தத் துயரம் எல்லாம் உண்மை. ஆனால் வாசிக்கும் அதிகாரிக்கு வேண்டியது லோயர் என்ன செய்தார், எப்போது செய்தார் என்பது.

இப்படி எழுதினால் ஒன்றும் நடக்காது: "இவர் எங்களை நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார். எங்கள் குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது."

இப்படி எழுதுங்கள் (திகதிகளும் தொகையும் உதாரணத்துக்கு): "04.03.2024 அன்று முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்குத் தாக்கல் செய்வதற்காக ரூ. 75,000 ஐ அவருடைய வங்கிக் கணக்கில் வைப்பிட்டேன் (இணைப்பு 2). 10.06.2024 அன்று 'வழக்குப் போட்டாச்சு' என்று வட்ஸ்அப்பில் எழுதினார் (இணைப்பு 3). வழக்கு இலக்கத்தை மூன்று தடவை கேட்டும் தரவில்லை. 24.09.2024 அன்று நீதிமன்றப் பதிவகத்தில் விசாரித்தபோது என் பெயரில் அப்படியொரு வழக்கு இல்லை என்று அறிந்தேன்."

இரண்டாவதில் அழுகை ஒரு சொல் கூட இல்லை. ஆனால் அதை வாசிப்பவர் அந்த லோயரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே வந்துவிடும்.

முதற் பந்தியில் உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், போன் இலக்கம். அடுத்து லோயரின் பெயரும் அவர் வேலை செய்யும் ஊரும். வழக்கு இருந்தால் நீதிமன்றமும் இலக்கமும். பிறகு நடந்ததை இலக்கமிட்ட பந்திகளாக, ஒரு பந்திக்கு ஒரு சம்பவமாக. கடைசியில் நீங்கள் கேட்பது என்ன என்று ஒரு வரி. மூலப் பத்திரங்களை ஒருபோதும் தபாலில் போட வேண்டாம், போட்டோப் பிரதிதான். மொட்டைக் கடதாசியும் வேண்டாம். பெயரில்லாத முறைப்பாட்டை விசாரிக்க யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

சத்தியக்கடதாசி கட்டாயமா?

இணைத்தே அனுப்புங்கள். வெறுங் கடிதத்தை விட அதற்குப் பெறுமதி கூட, பின்னால் எப்படியும் கேட்பார்கள். கடிதத்தில் உள்ள அதே விஷயங்களைச் சத்தியக்கடதாசியாக எழுதி, சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் கையெழுத்து வையுங்கள். கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதியுரை செய்வார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், சமாதான நீதவானின் முத்திரைக்கு மேலே சில வரிகள் இருக்கும். எழுத வாசிக்கத் தெரியாத அம்மா ஒருவர் கைநாட்டு வைத்தால், அல்லது கடதாசி அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தால், அதை அவருக்கு வாசித்து விளங்கப்படுத்தினோம், விளங்கிக்கொண்டு ஒப்பமிட்டார் என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விசாரணையில் முதல் கேள்வியே "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்பதாகத்தான் இருக்கும். சத்தியக்கடதாசியில் பொய் சொல்வது குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தெரிந்ததைத் தெரியும் என்றும் கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்றும் எழுதுங்கள்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். தமிழ் அரச கரும மொழி, தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. உயர் நீதிமன்ற வேலைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. முடிந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றையும் கூட வையுங்கள். முக்கிய ஆவணங்களை மட்டும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் செலவு குறையும். ஒன்று மட்டும்: அரைகுறை ஆங்கிலத்தில் எழுதிக் கருத்து மாறிப்போவதை விடத் தெளிவான தமிழ் ஆயிரம் மடங்கு மேல்.

காசு கொடுத்தேன், பற்றுச்சீட்டு இல்லை. என்ன செய்வது?

நம்மூரில் முக்கால்வாசிப் பேரின் கதை இது. "சேரிட்ட எப்படி ரிசீற் கேட்கிறது" என்று கூச்சப்பட்டே விட்டிருப்பார்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் சுற்றுச் சான்றுகளைச் சேருங்கள். அன்றைக்கு வங்கியிலிருந்தோ நகையை அடகு வைத்தோ காசு எடுத்திருந்தால் அந்தத் துண்டு, கூடப் போன ஆளின் சத்தியக்கடதாசி, "காசு கிடைத்தது" என்ற குரற்பதிவு. வட்ஸ்அப் உரையாடலைப் படம் பிடிக்கும்போது மேலே இலக்கமும் பக்கத்தில் திகதியும் தெரிய வேண்டும். போனை மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள்.

இனிமேல் என்றால் வங்கியில் போடுங்கள், அல்லது கொடுத்த அன்றே "இன்று இந்த வேலைக்காக இவ்வளவு தந்தேன் சேர்" என்று மரியாதையாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கேட்கக் கூச்சப்படுபவருக்கும் அனுப்பக் கூச்சம் இருக்காது.

காசு வாங்கியது லோயர் இல்லை, அவருடைய கிளாக்கர்.

கிளாக்கர் மீது உயர் நீதிமன்றத்தில் ஒழுக்காற்று முறைப்பாடு இல்லை. ஆனால் லோயரின் அலுவலகத்தில், அவருடைய வழக்குக்காக வாங்கிய காசென்றால் லோயர் பதில் சொல்ல வேண்டும். முதலில் லோயருக்கே எழுத்தில் தெரிவியுங்கள். அவருக்குத் தெரியாமல் நடந்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தால் அந்த மௌனமும் உங்கள் முறைப்பாட்டில் ஒரு பந்தி.

காணி உறுதியில் மோசடி. எழுதியவர் நொத்தாரிசும்தான், லோயரும்தான். யாரிடம் போவது?

வன்னியில் மிகக் கூடுதலாக வருவது இந்தக் கேள்வி. காரணம் தெரிந்ததே. உறுதிகள் இடப்பெயர்வில் அழிந்தன, சொந்தக்காரர் பாதிப்பேர் வெளிநாட்டில், பெர்மிட் காணி (அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த அரச காணி) எங்கும். மோசடிக்கு இதைவிட நல்ல நிலம் வேண்டுமா?

நொத்தாரிசு வேலையை, அதாவது உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் வேலையை, மேற்பார்வை செய்வது பதிவாளர் நாயகம். நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தை மீறினால் அங்கே முறைப்பாடு செய்யலாம். அதே ஆள் சட்டத்தரணியாகவும் இருப்பதால், நடந்தது வஞ்சனை என்றால் உயர் நீதிமன்றத்துக்கும் எழுதலாம். கள்ள உறுதி குற்றச்செயலும்தான், பொலிசுக்கும் போகலாம். மூன்றும் வேறு வேறு வழி, ஒன்று மற்றதைத் தடுக்காது.

சான்று எங்கே கிடைக்கும் என்பதற்கு உறுதி எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். காணி விற்பனை உறுதியில் நொத்தாரிசு ஒருவர் முன்னால், இரண்டு சாட்சிகளோடு, எல்லாரும் ஒரே நேரத்தில் இருந்து கையெழுத்து வைக்க வேண்டும். உறுதிக்கு மூன்று வடிவம் இருக்கும். மூலம் வாங்கியவரிடம். மூலவேடு நொத்தாரிசிடம். இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள், அந்த மாதம் எழுதிய உறுதிகளின் பட்டியலோடு காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே பதிவகத்தில் பிரதி எடுத்து உங்களிடம் உள்ளதோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். கடைசிப் பக்கத்து அத்தாட்சியை விரல் வைத்து வாசியுங்கள்: எந்த ஊரில், எந்தத் திகதியில், யார் சாட்சி, காசு தன் முன்னால் கைமாறியதா, கையெழுத்து வைத்தவரைத் தனக்குத் தெரியும் என்கிறாரா, சாட்சிகளுக்குத் தெரியும் என்கிறாரா. அந்தத் திகதியில் அண்ணா கனடாவில் இருந்தார் என்றால் அவருடைய கடவுச்சீட்டு முத்திரை ஒன்றே போதும்.

பெர்மிட் காணி, அளிப்புக் காணி என்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. "அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஒன்று எழுதி வைப்போம், பிறகு பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் காசைப் பொத்திக்கொண்டு எழுந்து வாருங்கள். காணிக் கோவையில் என்ன இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

காசு அனுப்பியது வெளிநாட்டிலுள்ள தம்பி. யார் முறைப்பாடு செய்வது?

லோயரோடு நேரடியாகப் பேசி அமர்த்தியவர் செய்வது நல்லது. தம்பியே பேசி, தம்பியே அனுப்பியிருந்தால் அவருடைய சத்தியக்கடதாசி வேண்டும். அந்த நாட்டு இலங்கைத் தூதரகத்தில் அதை அத்தாட்சிப்படுத்தலாம். இங்கே நீங்கள் நேரில் கண்டதை உங்கள் பெயரில் தனியாக எழுதுங்கள். இரண்டு பேர் கதையையும் ஒரே கடதாசியில் குழைத்தால் எது யாருக்குத் தெரியும் என்றே தெரியாமல் போகும்.

அனுப்பிவிட்டேன். அப்புறம் என்ன நடக்கும்?

முதலில் லோயரிடம் விளக்கம் கேட்பார்கள். அவர் தன் பக்கத்தை எழுதுவார். தன்னைப் பாதுகாக்கத் தேவையான அளவுக்கு, நீங்கள் அவரிடம் சொன்ன விஷயங்களையும் அவர் வெளியில் எடுக்கலாம், அதற்குத் தயாராக இருங்கள். பூர்வாங்க விசாரணை நடக்கலாம். விஷயம் இருக்கிறது என்று கண்டால் குற்றச்சாட்டுகளைக் குறிப்பிட்டு, ஏன் உம்மை இடைநிறுத்தவோ நீக்கவோ கூடாது என்று காரணம் கேட்டு உயர் நீதிமன்றம் அறிவித்தல் அனுப்பும். பிறகு நீதியரசர்கள் முன் விசாரணை. நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும், உங்களைக் குறுக்கு விசாரணையும் செய்வார்கள். ஒருவரின் பிழைப்பே போகக்கூடிய விஷயம் என்பதால் சான்றும் பலமாக இருக்க வேண்டும், ஊகம் எடுபடாது.

இதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். கொழும்புக்குப் போய்வரும் செலவையும் முன்கூட்டியே யோசியுங்கள். விலாசமோ போன் இலக்கமோ மாறினால் உடனே அறிவியுங்கள். மீள்குடியேறி விலாசம் மாறிய ஆளுக்கு அனுப்பிய கடிதம் திரும்பிப் போய் முறைப்பாடு அப்படியே கிடப்பது பெரிய அநியாயம்.

என் காசு திரும்பக் கிடைக்குமா?

ஒழுக்காற்று விசாரணை நட்டஈடு வழங்கும் இடமல்ல. விசாரணை வருகிறது என்றதும் லோயர் காசைத் திருப்பித் தருவது உண்டு, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். காசுக்குச் சிவில் வழக்குத்தான் வழி. எழுத்து ஒப்பந்தம் என்றால் 6 வருடம், வாய்ப்பேச்சு என்றால் 3 வருடம், கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு 2 வருடம் என்று காலாவதி இருக்கிறது. சிறிய தொகையென்றால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கும். நம்பி ஒப்படைத்த காசைக் கையாடியிருந்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம், பொலிசில் முறையிடலாம். முறைப்பாட்டுக்கு 42ஆம் பிரிவில் காலக்கெடு இல்லை என்பதை வைத்து, காசுக்கும் காலக்கெடு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

சின்ன ஊர். எல்லா லோயரும் ஒருவருக்கொருவர் கூட்டாளி. முறைப்பாடு செய்தால் இனி யாரும் என் வழக்கை எடுக்க மாட்டார்களே?

இந்தப் பயத்தைச் சும்மா பயம் என்று தள்ள மாட்டேன். ஒரு நீதிமன்றத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய லோயர்கள் இருக்கும் இடத்தில் முகம் சுளிப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் நல்ல பெயரைக் காசாகக் கருதும் லோயர்கள்தான் கூட. ஒருவரின் மோசடியால் தங்கள் பெயரும் கெடுகிறது என்ற எரிச்சல் அவர்களுக்கு உண்டு. வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் எந்தப் பதிவகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று காதோடு சொல்லிவிடுவார்கள். ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பாருங்கள். சட்ட உதவி நிலையத்திலும் கேளுங்கள். நீதிமன்றத்தில் எல்லாரோடும் சமமாகப் பேசுங்கள், முறைப்பாட்டை வாசலில் நின்று விளம்பரம் செய்யாதீர்கள்.

பேஸ்புக்கில் படத்தோடு போட்டால் உடனே பயப்படுவாரே?

அவர் பயப்பட மாட்டார், உங்கள் மேல் மானநட்ட வழக்குப் போடுவார். உரிய இடத்துக்கு நல்லெண்ணத்தோடு செய்யும் முறைப்பாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பேஸ்புக் பதிவுக்கு அது இல்லை. விசாரணை நடக்கும்போது நீங்கள் ஆத்திரத்தில் எழுதிய பதிவை அவருடைய லோயர் வாசித்துக் காட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

எதிராளியின் லோயர் மேல் முறையிடலாமா?

குறுக்கு விசாரணையில் உங்களைக் கலங்கவைத்தார் என்பதற்காக முடியாது, அது அவர் வேலை. கள்ளப் பத்திரம் என்று தெரிந்தே கொடுத்தார், உங்கள் லோயருக்குத் தெரியாமல் உங்களைத் தனியே கூப்பிட்டு மிரட்டிக் கையெழுத்து வாங்கினார் என்றால் முறையிடலாம்.

அவர் உண்மையில் லோயர்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது.

உயர் நீதிமன்றப் பதிவாளரிடம் எல்லாச் சட்டத்தரணிகளின் பெயர்ப்பட்டியலும் இருக்கிறது, எழுதிக் கேட்கலாம். நீதிமன்ற வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்பவரெல்லாம் லோயர் இல்லை. "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்று சொல்லும் தரகர் கட்டாயம் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஒழுக்காற்று முறைப்பாடு கிடையாது, நேரே பொலிஸ்.

காசைத் தந்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார். முறைப்பாட்டை வாபஸ் வாங்கலாமா?

விருப்பத்தை எழுதி அனுப்பலாம். ஆனால் அதோடு கட்டாயம் முடியும் என்றில்லை. அவர் இந்தத் தொழிலில் இருக்கத் தகுந்தவரா என்பதுதான் உயர் நீதிமன்றத்தின் கேள்வி, அதனால் நீங்கள் விலகினாலும் விசாரணை தொடரலாம். இன்னொன்று: "எனக்கு எந்தக் குறையும் இல்லை, நான் சொன்னது பிழை" என்று அவர் எழுதிக்கொண்டுவரும் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். ஏற்கெனவே சத்தியக்கடதாசியில் உண்மையென்று சொன்னதை இப்போது பொய் என்று நீங்களே சொன்னதாகிவிடும். காசு கிடைத்தால் கிடைத்த தொகையையும் திகதியையும் மட்டும் எழுதி, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொண்டு, அதற்கு மட்டும் கையெழுத்து வையுங்கள்.